"சர்டிபிகேட்டுக்கா வந்தீங்க?" - செம்மநத்தத்தில் கொள்ளுப்பாட்டியைத் தேடிய ஒரு நாள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குட் மார்னிங், பைபிள் வசனம், பிறந்தநாள் கேக் தவிர வேறு எதுவும் வராது. போன வருஷம் ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, பெரியப்பாவிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பாப்பா, நீ ரிப்போர்ட்டர்தானே... நம்ம கொள்ளுப்பாட்டி மலைக்காரின்னு அப்பாயி சொல்லுமில்ல, அதுக்கு ஏதாச்சும் ரெக்கார்டு கிடைக்குமான்னு பாரு. தம்பிக்கு யூஸ் ஆகும்."

இரண்டு தடவை கேட்டேன். காரணம், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே பெரியப்பா சொல்லிவந்த கதை வேறு. அவருக்கும் என் அப்பாவுக்கும் பூனைக்கண். கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் விருந்து என எங்கே போனாலும் யாராவது அதைப் பற்றிக் கேட்பார்கள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "ஏற்காட்டுல காபி எஸ்டேட் வெச்சிருந்த துரையோட ரத்தம்யா இது" என்பார். துரைக்குக் குழந்தை பிறந்தது என்றால் ஒரு பெண்ணும் இருந்திருக்க வேண்டுமே! அந்தப் பெண் அவர் கதையில் வரவே மாட்டார். அப்பாயி மட்டும் எப்போதாவது, அதுவும் சமையற்கட்டில், "அவ செம்மநத்தம் பக்கத்துப் பொண்ணு. மலைக்காரி. பொட்டப்புள்ளையைச் சாமியார்கிட்ட குடுத்துட்டு மலைக்கே போயிட்டாளாம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

நேற்றுவரை துரை பேரன். இன்று மலைக்காரி பேரன். நடுவில் நடந்தது ஒன்றுதான். பெரியப்பா மகன் அரசு வேலைக்கான தேர்வில் இரண்டாவது முறையாக ஒன்றரை மார்க்கில் கோட்டைவிட்டிருந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவர்கள்தான். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் மொத்தமே 7.94 லட்சம் பேர். அரசு வேலையில் அவர்களுக்கு 1 சதவிகிதம் இடஒதுக்கீடு. பெரியப்பாவின் கண் அந்த 1 சதவிகிதத்தின் மேல்தான் விழுந்திருந்தது.

'இது சரியில்லையே' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தபோது, 'பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று வீடே சொன்னபோது, ஃபீஸ் கட்டியவர் பெரியப்பா. "பாக்குறேன் பெரியப்பா" என்று பதில் அனுப்பினேன்.

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம் இதைச் சொன்னதும் அவள் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என் டீம்ல மூணு பேர் இதே கதையைச் சொல்றாங்கடி. 'எங்க பாட்டியோட பாட்டி செரோக்கி இளவரசி'ன்னு. செரோக்கில இளவரசின்னு ஒரு பதவியே கிடையாதாம்!"

செரோக்கி என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு பெரிய இனம். 18-ம் நூற்றாண்டில் தோல் வியாபாரத்துக்காக அவர்கள் ஊர்களுக்குள் போன ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அங்கேயே பெண் கட்டினார்கள். செரோக்கியில் குலம் அம்மா வழியில் வரும். அப்பன் வெள்ளைக்காரனாக இருந்தாலும் பிள்ளை அம்மாவின் குலம், முழுச் செரோக்கி. 1828 முதல் 1866 வரை அவர்களின் முதன்மைத் தலைவராக இருந்த ஜான் ராஸ், ரத்தக் கணக்குப் பார்த்தால் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி. மீதி ஸ்காட்லாந்து. அவரைத் தலைவராக ஏற்க அது தடையாக இல்லை. 1838-39-ல் அமெரிக்க அரசு செரோக்கிகளைச் சொந்த மண்ணிலிருந்து ஓக்லஹோமா பக்கம் விரட்டியபோது சுமார் 16,000 பேர் கிளம்பினார்கள். 4,000 பேர்வரை செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். ராஸின் மனைவியும் வழியில்தான் இறந்தார். 'கண்ணீர்ப் பாதை' என்று அந்தப் பயணத்துக்குப் பெயர்.

நிலமும் உயிரும் போன காலத்தில், 'நானும் செரோக்கி' என்று சொல்ல அங்கே யாரும் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். அதனால் 'செரோக்கி நேஷன்' ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1898-ல் தொடங்கி 1906 வரை 'டாஸ் கமிஷன்' எடுத்த பெயர்ப் பட்டியலில் உன் நேரடி மூதாதை ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை சதவிகித ரத்தம் என்பது முக்கியமில்லை, டி.என்.ஏ ரிப்போர்ட்டும் செல்லாது. 2018-ல் அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன், தனக்குப் பூர்வகுடி மூதாதை உண்டு என்று காட்ட டி.என்.ஏ முடிவையே வெளியிட்டார். ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவர் இருக்கலாம் என்றது முடிவு. செரோக்கி நேஷன் கோபப்பட்டது. அடுத்த வருஷம் வாரன் மன்னிப்புக் கேட்டார்.

அக்கா போனை வைக்கும்முன் ஒன்று கேட்டாள். "செம்மநத்தத்துல யாருக்காச்சும் நம்ம பெரியப்பாவைத் தெரியுமாடி?"

பெரியப்பாவிடம் இதைச் சொல்ல நான் தயாராவதற்குள் அவர் அடுத்த யோசனையோடு வந்தார். யூடியூபில் பார்த்தாராம். டப்பாவில் எச்சில் துப்பி அனுப்பினால் ரிப்போர்ட் வருமாம்.

இதில் எனக்குக் கொஞ்சம் விஷய ஞானம் உண்டு. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மூதாதையரில் ஒரு இந்தியப் பெண் இருந்த கதையை டெஸ்க்கில் எழுதியிருக்கிறேன். சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளாக இருந்த தியோடர் ஃபோர்ப்ஸ், எலிசா கெவார்க் என்ற பெண்ணுடன் வாழ்ந்தார். 1812-ல் பிறந்த மகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். எலிசா இங்கேயே நின்றுவிட்டார். அந்தக் குடும்பம் பிற்பாடு அவரை 'ஆர்மீனியர்' என்றே சொல்லிக்கொண்டது. 2013-ல் அந்த வழி உறவினர்களைச் சோதித்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட இந்தியாவில் மட்டுமே காணப்படும் ஒரு தாய்வழி மரபணு வகை இருந்தது. தாய்வழி மரபணு அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போகும். எலிசாவிலிருந்து டயானாவரை இடையில் ஓர் ஆண்கூட இல்லாமல் மகள், அவள் மகள் என்று சங்கிலி அறுபடாமல் வந்ததால் அது வில்லியம்வரை வந்து சேர்ந்தது. அவர் பிள்ளைகளுக்குப் போகாது.

எங்கள் சங்கிலி அடுத்த தலைமுறையிலேயே அறுந்துவிட்டது. மலைக்காரிக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரு மகன். அவர் மகன்தான் என் தாத்தா. வீட்டில் சுருக்கமாக 'கொள்ளுப்பாட்டி' என்கிறோமே தவிர, அவர் எனக்கு ஐந்து தலைமுறை மேலே. அந்தப் படியில் எனக்கு 32 பேர் இருக்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் 32-ல் ஒரு பங்கு, 3 சதவிகிதம். போதாததற்கு, அந்த ரிப்போர்ட்டில் 'தென்னிந்தியா' என்று வருமே ஒழிய 'செம்மநத்தம்' என்று வராது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிற யார் எச்சிலைக் கொடுத்தாலும் அதேதான் வரும்.

"அப்ப அந்தத் துரையை வெச்சு ஆங்கிலோ இந்தியன்னு போட முடியாதா?" என்றார் பெரியப்பா. முடியாது. அரசியல் சட்டத்தின் 366-வது பிரிவு ஆங்கிலோ இந்தியர் என்றால் ஆண்வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும் என்கிறது. நம்முடையது மகள்வழி. பெரியப்பா போனை வைத்துவிட்டார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். என் பக்கத்தில் ஒரு அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஏற்காடு என்றாலே வெள்ளைக்காரர் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி கொண்டுவந்தார், பேரிக்காய் கொண்டுவந்தார் என்று டூரிஸ்ட் கைடு தொடங்கி எல்லோரும் சொல்வார்கள். பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1912-ல் கல்கத்தாவில் இறந்தார்; அவருடைய அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து ஹோலி ட்ரினிட்டி சர்ச் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கிறிஸ்தவ ஐரோப்பியர் ஒருவர் மெட்ராஸ் மாகாணத்தில் எங்கே பிறந்தாலும், மணந்தாலும், இறந்தாலும் தேவாலயப் பதிவின் நகல் லண்டனுக்குப் போகும். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் அந்தப் பதிவுகளை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். நானும் தேடினேன். பெரியப்பா சொல்கிற குடும்பப் பெயரில் மூன்று துரைகள் வந்தார்கள். யாருடைய பெயருக்குக் கீழும் நாங்கள் இல்லை.

எங்களை வைத்திருந்தது மலைமேல் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகம். பங்குத்தந்தையிடம் முன்பே பேசியிருந்தேன். கரையான் அரித்த ஓரங்கள், லத்தீனில் கையெழுத்து, பழுப்பு மை. எங்கள் பாட்டியின் பெயரும் பின்னாளில் அவர் கட்டிக்கொண்ட குடும்பமும் தெரிந்திருந்ததால் இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் ஒரு நாள். குழந்தை பெண். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் உண்டு. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாத்தெர் இக்னோத்துஸ்' என்று எழுதியிருந்தது. பங்குத்தந்தை மெதுவாகச் சொன்னார், "தகப்பன் தெரியாதுன்னு அர்த்தம்மா."

அம்மா: மரியா.

அவ்வளவுதான். எஸ்டேட் இல்லை. துரை இல்லை. பெரியப்பா மீசையைத் தடவித் தடவிச் சொன்ன துரை எழுத்தில் எங்குமே இல்லை. மிஞ்சியிருந்தது அம்மா மட்டும்தான். அதுவும் சாமியார் கொடுத்த பெயரில்.

பகல் ஒரு மணிக்குச் செம்மநத்தம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அதன் நிழலில் பச்சைக் காயோடு காபிச் செடி. பஸ்ஸில் அறிமுகமான கல்லூரித் தம்பி ஒருவன், அந்த ஊர்க்காரன், தன் பாட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அந்த ஆயா முறத்தை நிறுத்தாமலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சர்டிபிகேட்டுக்கா வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "இல்ல ஆயா" என்று சொல்லி, இரண்டு நிமிஷத்தில் "ஆமா" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வரக்காப்பி வந்தது. கதையை முழுதும் கேட்டுக்கொண்டார்.

"அவ பேரென்ன கண்ணு?"

"மேரின்னு இருக்கு ஆயா, ரெஜிஸ்டர்ல."

"அது சாமியார் வெச்ச பேரு. ஆத்தா அப்பன் வெச்ச பேரு?"

தெரியவில்லை.

"எந்த ஊட்டுப் பொண்ணு? அண்ணந்தம்பி யாரு? அவளுக்குக் குலசாமி எது?"

ரிப்போர்ட்டராக நான் கேட்டுப் பழகிய கேள்விகளே இவ்வளவுதான். பெயர், ஊர், உறவு. ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆயா சாமையைக் கொட்டிவிட்டு முறத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இத்தினி வருசத்துல எங்க ஊரு எழவு ஒண்ணுக்காச்சும் உங்க ஊட்ல இருந்து யாராச்சும் வந்திருக்கீங்களா? மே மாசம் சேர்வராயன் தேருக்கு?"

தேருக்கு வந்திருக்கிறோம். கார் எடுத்துக்கொண்டு, போட்டிங் முடித்துவிட்டு, வேடிக்கை பார்க்க. அதைச் சொல்லவில்லை.

"உன்னைக் குத்தம் சொல்லல. போனவளைத் தேடி நாங்களும் வரலையே" என்றார் ஆயா. "வெள்ளக்காரன் பங்களாவுக்கு வேலைக்குப் போனவ வயித்துல புள்ளையோட திரும்புனா அந்தக் காலத்துல ஊரு என்ன பண்ணியிருக்கும்? சேத்திருக்கலாம். சேக்காமயும் உட்டிருக்கலாம். பேரைச் சொல்லாம உட்டுருப்பாங்க. அதான் உங்க ஊட்லயும் பேரு இல்ல, எங்க ஊர்லயும் பேரு இல்ல."

பங்களாவில் என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. 'துரையோட ரத்தம்' என்று சொல்லும்போது அது ஏதோ காதல் கதை மாதிரி ஒலிக்கும். எஸ்டேட் முதலாளி, வேலைக்கு வந்த மலைப் பெண். அதில் அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அப்படிக் கேட்கவே தோன்றியது. இத்தனைக்கும் இதே மாதிரிச் செய்திகளை வாரத்துக்கு இரண்டு எடிட் செய்கிறவள் நான்.

தாத்தா பேச்சை மாற்றி, அவர்கள் மலைக்கு வந்த கதையைச் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் கரிராமர் சாமியோடு கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. போன இடத்தில் மூவரும் வேறு வேறு குலத்தில் பெண் கட்டினார்கள். இதே கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தன் ஏழு தொகுதிப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்து அதைப் படித்தேன். அண்ணன் தம்பிகளுக்குப் பெயர் இருக்கிறது. அவர்கள் கட்டிய பெண்களுக்கு அங்கேயும் குலம் மட்டும்தான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்வரை தம்பி கூட வந்தான். பழங்குடிச் சான்றிதழ் முன்பு தாசில்தாரே கொடுத்தது. 1989-க்குப் பிறகு ஆர்.டி.ஓ கொடுக்க வேண்டும். பொய்ச் சான்றிதழ்கள் பெருகியதால் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழுக்களை அமைக்கச் சொன்னது. சாமி எது, சடங்கு என்ன, சாவுக்கு எரிப்பீர்களா புதைப்பீர்களா என்பதுவரை கேட்பார்கள். எங்கிருந்தோ வந்து பொய் சொல்பவனைப் பிடிக்க வந்த கேள்விகளுக்கு இந்த ஊரிலேயே பிறந்தவனும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். "எங்க அண்ணனுக்கு வர்றதுக்குள்ள காலேஜ் அட்மிஷனே முடிஞ்சிருச்சுக்கா" என்றான்.

இன்னொன்றும் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். பட்டியலில் சேலம், தர்மபுரி, திருச்சி என்று பழைய மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. ஈரோடு எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்ததோ அந்தக் கோயம்புத்தூர் இல்லை. அதனால் அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலையிலேயே பிறந்து, மலையிலேயே வாழ்கிறவர்கள். நாங்கள் அஸ்தம்பட்டியில் மாடி வீட்டில் இருக்கிறோம்.

அன்று ராத்திரியே பெரியப்பாவிடம் சொன்னேன். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மா வழியோ அப்பா வழியோ சான்றிதழ் கேட்க இங்கே வழி உண்டு, ஆனால் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டிக்கு இல்லை, சட்டம் இடம் கொடுத்தாலும் நான் இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டார். துரை பெயரும் புத்தகத்தில் இல்லை என்று சொன்னபோது பதிலே வரவில்லை. அன்றிலிருந்து குரூப்பில் என் மெசேஜுக்கு அவரிடமிருந்து ஒரு தம்ஸ் அப்கூட வரவில்லை. தம்பி மட்டும் தனியாக, "விடு அக்கா, அடுத்த அட்டெம்ப்ட் பாத்துக்கலாம்" என்று அனுப்பியிருந்தான்.

அப்பாயி வேறு மாதிரி. ரெஜிஸ்டர் பக்கத்தின் போட்டோவைக் காட்டினேன். லத்தீன் புரியாவிட்டாலும் 'மரியா'வை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அதனாலதான் நம்ம வீட்ல மூத்த பொண்ணுக்கெல்லாம் மேரின்னு வெக்கிறோமோ?" என்றார். என் பெயரிலும் மேரி உண்டு. ஆனால், மேரி இல்லாத கத்தோலிக்க வீடு எங்கே இருக்கிறது? அதை அப்பாயியிடம் சொல்ல மனம் வரவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சேலம் கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. தாத்தா கல்லறைக்குச் செவ்வந்தி மாலை போட்டு, ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினோம். அப்பாயி பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "இது அந்த மலைக்கார அம்மாவுக்கு" என்று சொல்லி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் கல்லறை ஓரத்திலேயே மெழுகை உருக்கி நட்டார்.

பெரியப்பா நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்து நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் புத்தகத்துல... வேற ஒண்ணுமே எழுதலையா பாப்பா?"

"இல்ல பெரியப்பா."

காற்றில் அணைந்துபோயிருந்த அந்த மெழுகுவத்தியைக் குனிந்து மறுபடி ஏற்றிவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.